பழைய சிஸ்டத்துக்குச் சொந்த லினக்ஸ்: ரீமாஸ்டர் ஸ்கிரிப்ட் எழுதிச் சோதிக்க ஒரு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வண்ணாமடை, மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டு எல்லையில் எந்த வாசகசாலைக்கும் டியூஷன் சென்டருக்கும் போய்ப் பாருங்கள். 2 ஜிபி ராம் உள்ள இரண்டு சிஸ்டமாவது ஒரு மூலையில் மூடிக் கிடக்கும். மெஷின் கெட்டுப்போயிருக்காது. அதில் இருக்கும் விண்டோஸ்தான் நகராது. லேசான லினக்ஸ் போட்டால் ஓடும். ஆனால் நம் ஊரில் ஒரே பெஞ்சில் தமிழ் மீடியம் பிள்ளையும் மலையாள மீடியம் பிள்ளையும் உட்காருவார்கள். இரண்டு மொழிக்கும் எழுத்துரு, விசைப்பலகை எல்லாம் போட்டு முடிக்க ஒரு சிஸ்டத்துக்கு அரை நாள் ஆகிவிடும். பத்து சிஸ்டம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்குப் பதில், டெபியன் என்ற இலவச லினக்ஸ் வகை தரும் லைவ் ஐஎஸ்ஓவை (ஹார்ட் டிஸ்கில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் முழு சிஸ்டத்தின் ஒற்றை ஃபைல்) பிரித்து, நமக்கு வேண்டியதைச் சேர்த்து, திரும்ப ஐஎஸ்ஓவாக அடைத்துவிட்டால் பென்டிரைவைச் செருகியதும் எல்லாம் தயாராக இருக்கும். ரீமாஸ்டர் என்பது இதுதான். இதை ஸ்கிரிப்டாகவே, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைலாகவே செய்ய வேண்டும். கையால் உள்ளே போய் ஒன்றை மாற்றினீர்கள் என்றால், ஆறு மாதம் கழித்து என்ன மாற்றினோம் என்று உங்களுக்கே தெரியாது. இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது: சுத்தமான ஐஎஸ்ஓவிலிருந்து தொடங்கி, யாரும் கை வைக்காமல், ஸ்கிரிப்ட் தானே கடைசி வரை ஓடி முடிய வேண்டும்.

கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். ஆப்ஷன்களின் சரியான எழுத்து அந்தந்தக் கட்டளையின் மேன் பக்கத்தில் (டெர்மினலிலேயே திறக்கும் உதவிப் பக்கம்) இருக்கிறது.

1. எந்த மெஷினுக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பழைய சிஸ்டத்தில் ஏதாவது ஒரு லைவ் லினக்ஸை பூட் செய்து, டெர்மினலில் எல்எஸ்சிபியூ கொடுங்கள். 64 பிட் வரும் என்று காட்டினால் டெபியன் 12 அல்லது 13 இன் ஸ்டாண்டர்ட் லைவ் ஐஎஸ்ஓ போதும். அதில் டெஸ்க்டாப் இருக்காது, அதுதான் நமக்கு வேண்டும். கனமான டெஸ்க்டாப்பை எடுத்து அதிலிருந்து பேக்கேஜ்களை நீக்கிக்கொண்டிருப்பதைவிட, வெறும் அடித்தளத்தில் வேண்டியதை மட்டும் ஏற்றுவது சுலபம். மிச்சம் மீதியும் இருக்காது.

32 பிட் மட்டும்தான் என்றால் டெபியன் 13 ஆகாது, அதில் 32 பிட் கர்னலும் (சிஸ்டத்தின் மையப் பகுதி) இன்ஸ்டாலரும் நிறுத்தப்பட்டுவிட்டன. ஆன்டிஎக்ஸ் என்ற லேசான லினக்ஸின் 23 ஆம் பதிப்பில் 32 பிட் வகையை எடுங்கள். கீழே சொல்லும் முறை பெரும்பாலும் அதற்கும் பொருந்தும். ஆனால் அதில் சுருக்கிய ஃபைல் ஆன்டிஎக்ஸ் ஃபோல்டரில் லினக்ஸ்எஃப்எஸ் என்ற பெயரில் இருக்கும், சர்வீஸ்களை (பின்னணியில் ஓடும் நிரல்களை) தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியும் கிடையாது. அதனால் 9 ஆம் படியில் சொல்லும் சோதனை சர்வீஸை வேறு விதமாக எழுத வேண்டிவரும்.

அரசுப் பள்ளிகளுக்குக் கேரள அரசின் கைட் நிறுவனம் கொடுத்த கணினிகளில் உபுண்டு அடிப்படையிலான கைட் குனு/லினக்ஸ் இருக்கும். அவற்றில் கை வைக்காதீர்கள். நாம் பேசுவது கைவிடப்பட்ட, சொந்தப் பொறுப்பில் உள்ள மெஷின்களைப் பற்றி மட்டும்.

2. செலவு

மென்பொருளுக்குக் காசு இல்லை. பொருளுக்குத்தான். 16 ஜிபி பென்டிரைவ் ஒன்று ரூ. 300 முதல் 500 வரை ஆகும், சிஸ்டத்துக்கு ஒன்று வேண்டும். சோதனைக்கு இரண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய மதர்போர்டில் சிஆர்2032 பேட்டரி செத்திருக்கும். ரூ. 50க்குள் கிடைக்கும், தயங்காமல் மாற்றுங்கள். அது செத்தால் கடிகாரம் பல வருஷம் பின்னால் போய்விடும். பிறகு பிரவுசரில் எந்தப் பாதுகாப்பான தளமும் திறக்காது. பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் ஏப்ட் கட்டளையைக் கொடுத்தால் ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று சண்டை போடும். பார்ப்பவர்கள் உங்கள் ஐஎஸ்ஓ மேல்தான் பழி போடுவார்கள்.

பென்டிரைவில் போலி நிறைய வருகிறது. பொள்ளாச்சியில் வாங்கினாலும் பாலக்காட்டில் வாங்கினாலும், எஃப்3 என்ற பேக்கேஜைப் போட்டு ஒரு முறை முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள். 64 ஜிபி என்று அச்சடித்து உள்ளே 8 ஜிபி மட்டும் வைத்திருந்தால் இது காட்டிக்கொடுத்துவிடும். பில் வாங்கி வையுங்கள்.

டேட்டா செலவையும் மறக்காதீர்கள். ஐஎஸ்ஓ மட்டும் ஒன்றரை ஜிபி அளவுக்கு வரும், பேக்கேஜ்கள் இன்னொரு ஜிபி. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறக்குகிறீர்கள் என்றால் அன்றைய பேக் காலி. நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர, டபிள்யூகெட்டுக்கு மைனஸ் சி கொடுங்கள், இல்லை டொரன்டில் இறக்குங்கள். ஸ்கிரிப்டை ஓட்ட ஓட்ட அதே பேக்கேஜ்கள் மறுபடி மறுபடி இறங்கும். அதைத் தடுக்க உங்கள் லேப்டாப்பில் ஏப்ட்-கேஷர்-என்ஜியை நிறுவுங்கள். அது 3142 போர்ட்டில் நிற்கும், முதல் தடவை இறங்கியதைச் சேமித்து அடுத்த முறை அதையே கொடுக்கும். பேக்கேஜ்கள் இறங்கும் களஞ்சிய முகவரிகள் எச்டிடிபி ஆக இருந்தால்தான் இது வேலை செய்யும், எச்டிடிபிஎஸ் என்றால் உள்ளே பார்க்க முடியாது.

3. வைத்திருக்க வேண்டிய பதிவுகள்

ஸ்கிரிப்டும் பேக்கேஜ் பட்டியலும் கிட் (ஃபைல்களின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவி) களஞ்சியத்தில் இருக்க வேண்டும். யாருக்காவது கொடுத்த ஒவ்வொரு ஐஎஸ்ஓவுக்கும் ஒரு டேக் (பதிப்பின் பெயர்க் குறி) போடுங்கள். மூல ஐஎஸ்ஓவின் எஸ்எச்ஏ512 பட்டியலையும் (ஃபைல் சிதையாமல் இறங்கியதா என்று காட்டும் எண்கள்) அதன் கையெழுத்து ஃபைலையும் இறக்கி, கையெழுத்தைச் சோதிக்கும் ஜிபிஜியில் சரிபார்த்து, அதே ஃபோல்டரில் வையுங்கள். ஒவ்வொரு முறை ஸ்கிரிப்ட் ஓடும்போதும் அதன் முழு வெளியீடும் தேதி போட்ட லாக் ஃபைலாகச் சேர வேண்டும்.

அடுத்தவர்களுக்குப் பிரதி கொடுக்கிறீர்கள் என்றால் உரிமத்தைக் கவனியுங்கள். ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வரும் மென்பொருளின் பைனரியை (ஓடும் நிலையில் உள்ள ஃபைலை) கொடுத்தால் அதன் மூலநிரலையும் கேட்டால் தரக் கடமைப்பட்டவர் நீங்கள்தான். டெபியனின் ஸ்னாப்ஷாட் சேவையில் பழைய பதிப்புகள் எல்லாம் இருக்கின்றன. எந்தப் பதிப்பு என்ற பட்டியல் உங்களிடம் இருந்தால்தான் அங்கிருந்து தேடி எடுக்க முடியும். மாற்றிய ஐஎஸ்ஓவுக்கு வேறு பெயர் வையுங்கள், "டெபியனை அடிப்படையாகக் கொண்டது" என்று எழுதினால் போதும்.

வாசகசாலையோ பள்ளியோ என்றால் பொறுப்பாளரிடம் ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். எந்தெந்த மெஷின், ஹார்ட் டிஸ்கில் உள்ளதைத் தொடமாட்டோம், பென்டிரைவிலிருந்து மட்டும் ஓட்டுவோம் என்று எழுதினால் போதும். தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக் கொடுத்தால் கமிட்டியில் யாருக்கும் சந்தேகம் வராது.

4. வேலை செய்யும் இடம்

லேப்டாப்பில் டெபியனோ உபுண்டுவோ இருந்தால் நல்லது. ஸ்குவாஷ்எஃப்எஸ்-டூல்ஸ் (ஐஎஸ்ஓவுக்குள் சுருக்கி வைத்த சிஸ்டத்தை விரிக்க, சுருக்க), எக்ஸோரிசோ (ஐஎஸ்ஓவைப் பிரிக்க, அடைக்க), க்யூஎம்யூ (லேப்டாப்புக்குள்ளேயே ஒரு கற்பனை மெஷினை ஓட்ட), ஓவிஎம்எஃப் (அந்த மெஷினை யூஇஎஃப்ஐ என்ற புது வகை பூட்டில் தொடங்க), ஷெல்செக் (ஸ்கிரிப்டில் பிழை காட்ட) இவற்றை நிறுவுங்கள். 20 ஜிபி காலி இடம் வேண்டும்.

அந்த இடம் ஈஎக்ஸ்டி4 பகுதியில் இருக்க வேண்டும். விண்டோஸோடு பகிர்ந்துகொள்ளும் என்டிஎஃப்எஸ் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்கின் எக்ஸ்ஃபேட்டிலோ பிரித்தால் ஃபைல்களின் உரிமையாளர், அனுமதி, சிம்லிங்க் (வேறு ஃபைலைச் சுட்டும் குறுக்கு வழி) எல்லாம் சிதைந்துபோகும். பிழைச் செய்தி எதுவும் வராமலேயேகூட முடிந்துவிடும், ஆனால் பூட் ஆன பிறகு சூடு (நிர்வாகி உரிமையில் மற்றக் கட்டளைகளை ஓட்டும் கட்டளை) வேலை செய்யாது, லாகின் ஆகாது. காரணம் தேடி இரண்டு நாள் போய்விடும்.

5. ஸ்கிரிப்டைத் துண்டு துண்டாக எழுதுங்கள்

ஒரே நீண்ட ஸ்கிரிப்ட் வேண்டாம். பிரிப்பது, மாற்றுவது, சுத்தம் செய்வது, அடைப்பது, சோதிப்பது என்று தனித்தனி ஃபைல். இவற்றை வரிசையாக அழைக்கும் சின்ன ஃபைல் ஒன்று. எழுத்துருவில் ஒரு சின்னத் திருத்தம் செய்ய முழு ஐஎஸ்ஓவையும் மறுபடி பிரிக்க வேண்டியதில்லை. ஆனால் யாருக்காவது கொடுக்கப்போகும் பிரதி என்றால் முதல் படியிலிருந்து ஓட்டியே ஆக வேண்டும்.

ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் செட் கட்டளைக்கு ஈ, யூ, பைப்ஃபெயில் மூன்றும் இருக்கட்டும். ஈ இல்லாவிட்டால் நடுவில் ஒரு கட்டளை தோற்றாலும் ஸ்கிரிப்ட் கண்டுகொள்ளாமல் அடுத்ததற்குப் போய்விடும். யூ இன்னும் முக்கியம், அது இருந்தால் மதிப்புத் தராத மாறியைக் கண்டதும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். அது இல்லாமல், ஃபோல்டர் பெயர் வைக்க வேண்டிய மாறிக்கு மதிப்பே தராமல் விட்டு, அதற்குப் பின்னால் ஒரு சாய்கோடும் நட்சத்திரக் குறியும் இருந்து, அதை ஆர்எம் அழிக்கப் போனால் உங்கள் லேப்டாப்பின் ரூட்டையே (எல்லா ஃபைலும் அடங்கிய அடி ஃபோல்டரை) அழிக்கத் தொடங்கும். எழுதி முடித்ததும் ஷெல்செக்கில் போட்டுப் பாருங்கள், அது சொல்லும் ஒவ்வொரு எச்சரிக்கையையும் சரிசெய்யுங்கள்.

6. பிரிப்பது

ஐஎஸ்ஓவை மவுண்ட் செய்யக்கூட (ஒரு ஃபோல்டர் போல மாட்டித் திறக்கக்கூட) வேண்டாம். எக்ஸோரிசோவின் ஓசிரோக்ஸ் வசதியால் லைவ் ஃபோல்டரில் உள்ள ஃபைல்சிஸ்டம்.ஸ்குவாஷ்எஃப்எஸ் ஃபைலை மட்டும் வெளியே எடுக்கலாம். அதை அன்ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸால், கண்டிப்பாகச் சூடு போட்டு, மைனஸ் டி கொடுத்து ஒரு ஃபோல்டருக்குள் விரியுங்கள். சாதாரணப் பயனராக விரித்தால் எல்லா ஃபைலுக்கும் நீங்களே சொந்தக்காரர் ஆகிவிடுவீர்கள், அந்த ஐஎஸ்ஓ உருப்படாது.

பிரிப்பதற்கு முன் எஸ்எச்ஏ512 சரிபார்ப்பை ஸ்கிரிப்டே செய்யட்டும். பொருந்தவில்லை என்றால் அங்கேயே நிற்கட்டும். பாதி இறங்கிய ஐஎஸ்ஓ பல நேரம் பாதி வரை நன்றாகவே பிரியும்.

7. உள்ளே நுழைந்து மாற்றுவது

ஆபத்து இருப்பது இந்தப் படியில்தான், நிதானமாகப் படியுங்கள்.

விரித்த ஃபோல்டருக்குள் சிஎச்ரூட் செய்து (அந்த ஃபோல்டரையே முழு சிஸ்டமாக எடுத்து) ஏப்ட்டை ஓட்ட, உங்கள் லேப்டாப்பின் டெவ், ப்ராக், சிஸ் என்ற சிஸ்டம் ஃபோல்டர்கள் மூன்றையும் அதற்குள் பைண்ட் மவுண்ட் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் கழற்ற வேண்டும். ஸ்கிரிப்ட் நடுவில் தோற்றால் கழற்றும் வரிக்கே போகாது. மறுநாள் அந்த ஃபோல்டரை ஆர்எம் போட்டு அழிப்பீர்கள். அப்போது அழிவது விரித்த ஃபோல்டர் மட்டும் அல்ல, அதில் மாட்டியிருக்கும் உங்கள் லேப்டாப்பின் டெவ்வும் சேர்ந்துதான். ரீஸ்டார்ட் செய்யும் வரை மெஷின் ஒழுங்காக ஓடாது.

இதற்கு நல்ல வழி அன்ஷேர். அன்ஷேர் மைனஸ் எம் கொடுத்து அதற்குள் மவுண்ட், சிஎச்ரூட் இரண்டையும் செய்தால், அந்த மவுண்டுகள் அந்த ஒரு ப்ராசஸுக்கு மட்டுமே தெரியும். ஸ்கிரிப்ட் ஒழுங்காக முடிந்தாலும், பாதியில் செத்தாலும், கன்ட்ரோல் சி அடித்தாலும் அவை தானே மறைந்துவிடும். இதற்கு மேல் அழிக்கும் வரியில் ஆர்எம்முக்கு ஒன்-ஃபைல்-சிஸ்டம் ஆப்ஷனையும் கொடுங்கள். இரண்டு தாழ்ப்பாளும் இருக்கட்டும்.

உள்ளே ஏப்ட் ஒரு சர்வீஸை நிறுவினால் உடனே அதைத் தொடங்கப் பார்க்கும். சிஎச்ரூட்டுக்குள் சர்வீஸ் ஓடக் கூடாது. யூஎஸ்ஆர், எஸ்பின் ஃபோல்டரில் பாலிசி-ஆர்சி.டி என்ற சின்ன ஸ்கிரிப்டை வைத்து, அது 101 என்று திருப்பி அனுப்பும்படி எழுதுங்கள். ஓட்டும் அனுமதியும் கொடுங்கள். ஏப்ட் அதைக் கேட்டுவிட்டு எதையும் தொடங்காது. கடைசியில் அதை நீக்க மறந்தால், பின்னால் யாராவது லைவ் சிஸ்டத்தில் எதை நிறுவினாலும் சர்வீஸ் தானாகத் தொடங்காது.

ரிசால்வ்.கான்ஃப் ஃபைலை உள்ளே பிரதி எடுத்தால்தான் இணையம் கிடைக்கும். அது சிம்லிங்காக இருந்தால் முதலில் பெயர் மாற்றி வைத்துவிட்டு, முடிந்ததும் பழையபடி வையுங்கள். ஏப்ட்-கேஷருக்கான ப்ராக்ஸி வரியையும் தனி ஃபைலாக வைத்தால் பின்னால் நீக்கச் சுலபம். கேள்வி கேட்டு நிற்காமல் இருக்க டெபியன் ஃப்ரன்ட்எண்ட் மாறியை நான்-இன்டராக்டிவ் ஆக்குங்கள்.

பேக்கேஜ் பட்டியல் தனி ஃபைலில், வரிக்கு ஒன்று, ஏன் சேர்த்தோம் என்ற குறிப்போடு இருக்கட்டும். எக்ஸோர்க் (திரையில் ஜன்னல்கள் காட்ட), எல்எக்ஸ்டிஇ-கோர் (லேசான டெஸ்க்டாப்), லைட்டிஎம் (லாகின் திரை), ஃபயர்ஃபாக்ஸ்-இஎஸ்ஆர் (பிரவுசர்), ஒரு பிடிஎஃப் வாசிப்பான் என்று தொடங்குங்கள். ஏப்ட்டுக்கு நோ-இன்ஸ்டால்-ரெக்கமெண்ட்ஸ் கொடுக்காவிட்டால் பரிந்துரைகளின் பேரில் நூற்றுக்கணக்கான எம்பி கூடிவிடும். கொடுத்தால் சில நேரம் ஒலியோ நெட்வொர்க் ஐகானோ இல்லாமல் போகும். அதைப் பார்த்துப் பார்த்துக் கையால் பட்டியலில் சேர்ப்பதே சரி. சிஸ்டம் லேசாக இருப்பது இந்தப் பொறுமையால்தான். 2 ஜிபி மெஷின்களுக்கு, ராமுக்குள்ளேயே தரவைச் சுருக்கி வைக்கும் இசட்ராம்-டூல்ஸும் சேருங்கள், பிரவுசர் திறந்ததும் மெஷின் உறைவது நன்றாகவே குறையும்.

கர்னலைப் புதுப்பிக்காதீர்கள். பூட் ஆகும் கர்னல் ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸுக்கு வெளியே, ஐஎஸ்ஓவின் லைவ் ஃபோல்டரில் இருக்கிறது. உள்ளே ஏப்ட் அப்கிரேட் கொடுத்துப் புதுக் கர்னல் வந்து, பழையதைத் துடைத்துவிட்டால், வெளியே பழைய கர்னல், உள்ளே புது மாட்யூல் (கர்னலின் டிரைவர்கள்) என்று ஆகிவிடும். பூட் ஆகும், ஆனால் வைஃபை வராது, ஒலி வராது. ஏப்ட்-மார்க் ஹோல்ட் கொடுத்துக் கர்னல் பேக்கேஜ்களைப் பிடித்து வையுங்கள். புதுக் கர்னல் வேண்டுமென்றே தேவை என்றால் அடைக்கும்போது விஎம்லினஸ் (கர்னல்), இனிட்ஆர்டி (பூட்டின் தொடக்கத்துக்கான ஃபைல்) இரண்டையும் லைவ் ஃபோல்டரில் சேர்த்தே மாற்ற வேண்டும்.

8. தமிழும் மலையாளமும், பிறகு சுத்தமும் அடைப்பும்

மொழி அமைப்புகளைத் தரும் லோக்கேல்ஸ் பேக்கேஜ் போட்டு, லோக்கேல்.ஜென் ஃபைலில் தமிழ், மலையாளம், இந்திய ஆங்கிலம் மூன்று வரிகளின் முன்னால் உள்ள ஹாஷ் (#) குறியை நீக்கி, லோக்கேல்-ஜென் ஓட்டுங்கள். எழுத்துருவுக்கு லோஹித் தமிழ், மீரா தமிழ், மலையாளத்துக்கு எஸ்எம்சி தொகுப்பு. நோட்டோ முழுத்தொகுப்பைப் போட்டால் உலகத்து எழுத்தெல்லாம் வந்து இடத்தை அடைக்கும்.

உள்ளீட்டுக்கு ஐபஸ்ஸும் ஐபஸ்-எம்17என்னும். தமிழ்99, மலையாள இன்ஸ்கிரிப்ட் இரண்டும் அதில் கிடைக்கும். எக்ஸ் விசைப்பலகை அமைப்பிலேயே தமிழ் இருக்கிறதே என்று அதோடு நின்றுவிடாதீர்கள். தமிழ்99இல் புள்ளி தானாக விழுவது போன்ற விதிகளை அது செய்யாது. சிஎச்ரூட்டுக்குள் ரூட்டாக ஐஎம்-கான்ஃபிக் மைனஸ் என் ஐபஸ் கொடுத்தால் எல்லாப் பயனருக்கும் பொருந்தும்.

லைவ் டெபியனில் பயனர் கணக்கு ஐஎஸ்ஓவுக்குள் கிடையாது. ஒவ்வொரு பூட்டிலும் லைவ்-கான்ஃபிக் அதை ஈடிசியில் உள்ள ஸ்கெல் ஃபோல்டரைப் பார்த்து உருவாக்கும். அதனால் ஹோம் ஃபோல்டரில் எதை வைத்தாலும் பயனில்லை, அமைப்பு ஃபைல்களை ஸ்கெல்லுக்குள் வையுங்கள். எந்தெந்த விசைப்பலகை முன்கூட்டியே பட்டியலில் இருக்க வேண்டும் என்பதை ஜிசெட்டிங்ஸ் ஓவர்ரைடு ஃபைலில் எழுதி, ஜிலிப்-கம்பைல்-ஸ்கீமாஸ் ஓட்டினால் போதும். அந்தக் கடைசிக் கட்டளையை விட்டால் எழுதியது எதுவும் செல்லாது, பிழையும் காட்டாது.

மொழியும் நேர மண்டலமும் பூட் வரியில் லோக்கேல்ஸ், டைம்ஸோன் என்று கொடுக்கப்படும். இங்கே ஒன்று கவனியுங்கள்: பூட் மெனு இரண்டு இடத்தில் இருக்கிறது. பழைய பயாஸ் மெஷினுக்கு ஐசோலினக்ஸ் ஃபோல்டரில், யூஇஎஃப்ஐ மெஷினுக்கு பூட் ஃபோல்டரின் கிரப்பில். ஒன்றை மட்டும் மாற்றினால் பாதி மெஷின்களில் ஆங்கிலமும் பாதியில் தமிழுமாக வரும். மெனு தானே நகர டைம்அவுட் வைக்கும்போது ஐசோலினக்ஸ் நொடியின் பத்தில் ஒரு பங்கில் எண்ணும், கிரப் முழு நொடியில் எண்ணும். ஐந்து நொடிக்கு முன்னதில் 50, பின்னதில் 5.

அடைப்பதற்கு முன் சுத்தம். ஏப்ட் கிளீன், பட்டியல் ஃபைல்கள், டெம்ப், பாஷ் வரலாறு, ப்ராக்ஸி ஃபைல், பாலிசி-ஆர்சி.டி எல்லாம் போக வேண்டும். ப்ராக்ஸி ஃபைல் தங்கிவிட்டால் வாசகசாலையில் ஏப்ட் உங்கள் லேப்டாப்பைத் தேடி நிற்கும். மெஷின்-ஐடி ஃபைலை அழிக்காதீர்கள், காலியாக்குங்கள். அதில் ஒரே எண் தங்கினால் பத்து சிஸ்டமும் தங்களை ஒரே சிஸ்டம் என்று ரவுட்டரிடம் சொல்லக்கூடும், இரண்டு மெஷினுக்கு ஒரே ஐபி கிடைத்து நெட் விட்டு விட்டு வரலாம். ரவுட்டரை மாற்றிப் பார்க்கும் அளவுக்குக் குழப்பும் கோளாறு இது.

அடைப்பதற்கு எம்கேஸ்குவாஷ்எஃப்எஸ். கண்டிப்பாக நோஅப்பெண்ட் கொடுங்கள். பழைய ஃபைல் அதே பெயரில் இருந்தால் இந்தக் கட்டளை அதை அழித்து எழுதாது, அதோடு சேர்த்து எழுதும். ஐஎஸ்ஓ வீங்கிவிடும், உள்ளே அமைப்பு குழம்பும். சுருக்கத்துக்கு எக்ஸ்இசட் எடுத்தால் ஃபைல் சிறிதாகும், ஆனால் பழைய செயலி அதை விரிக்கத் திணறும், ஒவ்வொரு நிரலும் தாமதமாகத் திறக்கும். பழைய மெஷினுக்கு இசட்எஸ்டிடி எடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. பென்டிரைவில் கொஞ்சம் இடம் கூடப் போனால் போகட்டும். இரண்டு கோர் லேப்டாப்பில் எக்ஸ்இசட் அரை மணி நேரத்தையும் தாண்டலாம். சோதனை ஓட்டங்களுக்கு இசட்எஸ்டிடியின் குறைந்த நிலையை வைத்தால் சில நிமிடத்தில் முடியும்.

ஐஎஸ்ஓவைப் புதிதாகக் கட்டாதீர்கள். எக்ஸோரிசோவுக்குப் பழைய ஐஎஸ்ஓவை இன்டெவ், புதியதை அவுட்டெவ் என்று கொடுத்து, பூட்-இமேஜ் எனி ரீப்ளே சேர்த்து, மாறிய ஃபைல்களை மட்டும் மேப் செய்யுங்கள். பயாஸ், யூஇஎஃப்ஐ, பென்டிரைவ் மூன்று வகை பூட் அமைப்பும் அப்படியே வந்துவிடும். அவுட்டெவ் ஃபைல் முன்பே இருந்தால் மறுத்துவிடும், ஸ்கிரிப்ட் முதலில் அதை நீக்கட்டும். ஃபைல்சிஸ்டம்.பேக்கேஜஸ் பட்டியலையும் செக்சம் ஃபைலையும் புதுப்பிக்க மறக்க வேண்டாம்.

9. சோதனை

பென்டிரைவில் எழுதுவதற்கு முன் க்யூஎம்யூவில் ஓட்டுங்கள். பென்டிரைவ் எழுதி, பூட் செய்து, பிழை கண்டு, திரும்ப எழுதுவது ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம். க்யூஎம்யூவில் ஓரிரு நிமிடம்.

மைனஸ் எம் 2048 என்று ராம் அளவைக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் க்யூஎம்யூ 128 எம்பி மட்டும் தரும், பூட் ஆகாமல் செத்துவிடும், பார்ப்பவர் ஐஎஸ்ஓ கெட்டது என்று நினைப்பார். கற்பனை மெஷினை வேகமாக ஓட்டும் கேவிஎம்மை இயக்குங்கள். அது வரவில்லை என்றால் லேப்டாப்பின் பயாஸில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கும். 2048இல் ஒரு முறை, 1024இல் ஒரு முறை, ஓவிஎம்எஃப் ஃபைலை பயாஸாகக் கொடுத்து யூஇஎஃப்ஐயில் ஒரு முறை. இந்த மூன்றும் குறைந்தபட்சம்.

கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது, தானே சோதிக்கும் வசதியை ஐஎஸ்ஓவுக்குள்ளேயே வையுங்கள். ஒரு சிஸ்டம்டி சர்வீஸ் எழுதி, அதில் கண்டிஷன்-கர்னல்-கமாண்ட்-லைன் என்ற வரியில் நீங்கள் தேர்ந்தெடுத்த ஒரு சொல்லைக் கொடுங்கள். பூட் வரியில் அந்தச் சொல் இருந்தால் மட்டும் அது ஓடும், வாசகசாலையில் ஓடவே ஓடாது. அந்த சர்வீஸ் ஓட்டும் ஸ்கிரிப்ட் பார்க்க வேண்டியவை: எஃப்சி-லிஸ்ட்டில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் எழுத்துரு வருகிறதா, லோக்கேல் மைனஸ் ஏ மூன்று மொழியையும் காட்டுகிறதா, எம்17என் ஃபோல்டரில் தமிழ்99 ஃபைல் இருக்கிறதா, தோற்ற சர்வீஸ் ஏதாவது உண்டா, டிபிகேஜி ஆடிட் சுத்தமா, யூநேம் சொல்லும் கர்னல் பெயரில் மாட்யூல் ஃபோல்டர் இருக்கிறதா, ஏப்ட் அமைப்பில் ப்ராக்ஸி தங்கியிருக்கிறதா, நிரல் எதுவும் திறக்காத நிலையில் எத்தனை எம்பி ராம் மீதம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி முடிவை டிடிஒய்எஸ்0 சீரியல் போர்ட்டுக்கு எழுதி, கடைசியில் முற்றும் என்ற அடையாள வரியை எழுதி, மெஷினை அணைக்க வேண்டும்.

வெளியே இருந்து, கர்னலையும் இனிட்ஆர்டியையும் நேரடியாகக் கொடுத்து, அப்பெண்ட் வரியில் பூட் மெனுவில் உள்ள பூட் வரியோடு அந்தச் சொல்லையும் கன்ஸோல் டிடிஒய்எஸ்0 என்பதையும் சேர்த்து, சீரியல் வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்பி ஓட்டுங்கள். முன்னால் டைம்அவுட் 300 போடுங்கள், தொங்கினால் ஐந்து நிமிடத்தில் வெட்டிவிடும். அடையாள வரி வரவில்லை என்றால் தோல்வி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பிழை என்ற சொல் இல்லாததை வைத்து வெற்றி என்று முடிவுகட்டும் ஸ்கிரிப்ட், பூட்டே ஆகாத ஐஎஸ்ஓவையும் தேற வைத்துவிடும்.

சோதனையையும் சோதியுங்கள். பட்டியலிலிருந்து எஸ்எம்சி எழுத்துருவை வேண்டுமென்றே எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். சோதனை தோற்கவில்லை என்றால் அந்தச் சோதனையால் பயனில்லை.

இதற்குப் பிறகுதான் கண். டெக்ஸ்ட் எடிட்டரைத் திறந்து கொ, கௌ, ஸ்ரீ, க்ஷ அடியுங்கள். கொம்பும் காலும் எழுத்தின் இரு பக்கமும் சரியாக நிற்கிறதா, புள்ளி வட்டம் தெரிகிறதா என்று பாருங்கள். மலையாளச் சில்லெழுத்துகளை மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

10. பென்டிரைவும் நிஜ மெஷினும்

பென்டிரைவில் ஐஎஸ்ஓவை எழுதும் டிடி கட்டளையில் தவறான டிஸ்க் பெயர் கொடுத்தால் லேப்டாப் போய்விடும். எழுதும் ஸ்கிரிப்ட், டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கேயைக் கேட்டு, இணைப்பு வகை யூஎஸ்பி என்று வந்தால் மட்டும் தொடரட்டும். மாடல் பெயரையும் அளவையும் காட்டி உறுதி கேட்கட்டும். கான்வ் எஃப்சிங்க் கொடுங்கள். இல்லாவிட்டால் முடிந்தது என்று காட்டிய பிறகும் உண்மையில் எழுதிக்கொண்டிருக்கும், அப்போது பிடுங்கினால் பாதிதான் எழுதியிருக்கும். பிறகு சிஎம்பி கட்டளையால் ஐஎஸ்ஓவின் நீளத்துக்கு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிள்ளைகள் எழுதியது அடுத்த நாளும் இருக்க வேண்டுமென்றால், பென்டிரைவில் மீதமுள்ள இடத்தில் பெர்சிஸ்டன்ஸ் என்று லேபிள் போட்ட ஈஎக்ஸ்டி4 பகுதியை உருவாக்கி, அதில் பெர்சிஸ்டன்ஸ்.கான்ஃப் ஃபைலை வையுங்கள். பூட் வரியிலும் பெர்சிஸ்டன்ஸ் என்ற சொல்லைச் சேருங்கள். பலர் அந்த கான்ஃப் ஃபைலில் முழு ரூட்டையும் யூனியன் என்று எழுதுவார்கள். வேண்டாம். நீங்கள் புது ஐஎஸ்ஓ கொடுத்த பிறகும் பழைய மாற்றங்கள் மேலே உட்கார்ந்து புதியதை மறைக்கும். ஹோம் ஃபோல்டரை மட்டும் கொடுங்கள். டூராம் என்ற ஆப்ஷனை 2 ஜிபி மெஷினில் போடாதீர்கள், முழு ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸும் ராமில் ஏறிவிட்டால் பிரவுசருக்கு இடம் இருக்காது.

நிஜ மெஷினில் பார்க்க ஒரு அச்சுத் தாள் வைத்துக்கொள்ளுங்கள்: மாடல், ராம், பூட் மெனு விசை, பூட் ஆன நிமிடம், வைஃபை, ஒலி, திரை அளவு, இரண்டு மொழி உள்ளீடு, பிரிண்டர். கீழே ஐஎஸ்ஓவின் டேக். நாலைந்து வகை மெஷினில் நிரப்பிய பிறகு மொத்தமாக எழுதுங்கள்.

காலக் கணக்கு: ஸ்கிரிப்டை முதல் முறை எழுதி ஓட வைக்க இரண்டு வாரக் கடைசிகள் ஒதுக்குங்கள். அதன் பிறகு ஒவ்வொரு முழு ஓட்டமும், கேஷர் நிறைந்திருந்தால், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். லேப்டாப் பேட்டரி பலவீனமாக இருந்தால் இன்வெர்ட்டர் இருக்கும் இடத்தில் உட்காருங்கள். பிரவுசர் பாதுகாப்புத் திருத்தங்களுக்காக மூன்று மாதத்துக்கு ஒரு முறை புது ஐஎஸ்ஓ கட்டி, பழைய டேக் எழுதிய பென்டிரைவ்களைத் திரும்ப வாங்கி மாற்றிக் கொடுங்கள். அப்படித் திரும்ப எழுதும்போது பெர்சிஸ்டன்ஸ் பகுதியும் போய்விடும், அதிலுள்ள பிள்ளைகளின் ஃபைல்களை முதலில் வேறு டிஸ்கில் எடுத்து வைக்கும் வரி உங்கள் எழுதும் ஸ்கிரிப்டிலேயே இருக்கட்டும்.